பேறுகாலத்துக்குத் திட்டமிட வேண்டியது பயிற்சித் துறையே

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் மருத்துவ நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

முதுநிலை மருத்துவப் பயிற்சிக் காலத்தில் பிள்ளைப்பேறு வந்தால் அதற்காகத் திட்டமிட வேண்டியவர் மாணவியா, அவருக்குப் பயிற்சி தரும் துறையா என்பது இன்றைய வழக்கு. துறைதான் என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று காரணங்களை முன்வைத்தார். மூன்றாண்டுப் படிப்புத்தானே, முடித்துவிட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்றார். ஒருவர் விடுப்பில் போனால் அவருடைய இரவுப் பணி சக மாணவர்களின் தலையில் விழுகிறது என்றார். பயிற்சி குறைந்த கையோடு ஒரு மருத்துவர் வெளியே வந்தால் பாதிக்கப்படுபவர் நோயாளி என்றார். மூன்றும் பொறுப்புள்ள கவலைகள். அந்தக் கவலைகளுக்கு விடை மாணவியிடம் இல்லை என்பதே என் கட்சி.

முதலில் அந்த மூன்றாண்டுக் கணக்கு. 18 வயதில் எம்.பி.பி.எஸ். சேரும் பெண், உள்ளுறை மருத்துவப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகளில் வெளியே வருகிறார். முதுநிலை நீட் தேர்வுக்கு ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ போகிறது. எம்.டி. அல்லது எம்.எஸ். முடிக்கும்போது வயது 28 ஆகிவிடுகிறது. அதன்பின் அரசுக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தப் பணி, அதன்பின் டி.எம்., எம்.சிஎச். என்ற மேல்சிறப்புப் படிப்பு என்றால் இன்னும் மூன்று ஆண்டுகள். "முடித்துவிட்டு" என்று எதிரணி சொல்லும் நாள் 32, 33 வயதில்தான் வருகிறது. 35 வயதுக்கு மேற்பட்ட முதல் கர்ப்பத்தில் கருச்சிதைவும் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் கூடும் என்று புறநோயாளிப் பிரிவில் எதிரே அமரும் பெண்ணுக்கு எடுத்துச் சொல்கிற நாம், அதே அறிவுரையை நம் மாணவிக்கு மறுக்க முடியுமா? தள்ளிப்போட்டவர்களின் நிலை என்ன என்பதற்குத் தரவும் இருக்கிறது. 2021இல் 'ஜாமா சர்ஜரி' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில் பங்கேற்ற 692 பெண் அறுவை மருத்துவர்களில் 42 விழுக்காட்டினர் ஒரு கருவையாவது இழந்திருந்தார்கள். அந்நாட்டுப் பெண்களின் பொதுவான அளவைவிட அது இரு மடங்குக்கும் அதிகம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வாரத்துக்கு 12 மணி நேரமோ அதற்கு மேலோ அறுவை அரங்கில் நின்றவர்களுக்குப் பெரிய சிக்கல்கள் கூடுதலாக வந்தன என்றும் அதே ஆய்வு கண்டது.

விதிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிமுறைகள், அரசு விதிகளின்படி மாணவிக்கு மகப்பேறு விடுப்பும் மாணவருக்குத் தந்தைமை விடுப்பும் உண்டு என்கின்றன. ஆண்டுக்கு 20 நாள் ஊதிய விடுப்பைச் சொல்கின்றன. அதே விதிமுறைகள், அனுமதித்த அளவுக்கு மேல் எத்தனை நாள் விடுப்போ அத்தனை நாள் படிப்புக் காலம் நீளும் என்றும் சொல்கின்றன. நாளுக்கு நாள் ஈடு செய்யச் சொல்வது காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இறுதித் தேர்வு மாணவியின் நாட்கணக்கைப் பார்த்து வருவதில்லை. பேட்சைப் பார்த்து வருகிறது. ஆறு மாத விடுப்பெடுத்தவர் தன் பேட்சோடு தேர்வெழுத முடியாமல் அடுத்த தேர்வுக்குக் காத்திருக்கிறார். அந்தத் தேர்வு தள்ளிப்போவதால் மேல்சிறப்புப் படிப்புக்கான நுழைவுத் தேர்வும் அவரை விட்டுப் போகிறது. ஆறு மாத விடுப்பின் விலை ஓராண்டுக்கு மேல் என்று அறிந்த பெண் என்ன செய்வார்? மறைப்பார்.

நடுவர் அவர்களே, இந்த வழக்கின் மையம் அந்த மறைப்பில்தான் இருக்கிறது என்பதால் இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன். எலும்பு முறிவு சிகிச்சைத் துறையில் இரண்டாமாண்டு படிக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறது, வீட்டிலேயே சோதித்து உறுதியும் செய்துகொண்டார். துறைத் தலைவரிடம் இப்போதே சொன்னால், "இப்போதுதான் உங்களுக்கு நேரம் கிடைத்ததா?" என்ற கேள்வி வரும், முக்கியமான அறுவைகளில் பெயர் விடுபடும், ஆய்வேட்டு வழிகாட்டியின் முகம் மாறும். ஆகவே வயிறு தெரியும்வரை சொல்லாமலிருக்க முடிவு செய்கிறார். மறுநாள் காலையில் தொடை எலும்புக்கு ஆணி பொருத்தும் அறுவை. சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவி நோயாளியின் காலுக்கு மேல் வளைந்து நிற்கிறது. பொதுவில் தொங்கும் ஈயக் கவசங்களில் ஒன்றை, எப்போது சோதிக்கப்பட்டது என்று கேட்கவும் வழியில்லாமல், எடுத்து மாட்டிக்கொண்டு, எக்ஸ்ரே எடுக்கும் பெடலை மிதிக்கச் சொல்லும்போதெல்லாம் மிதிக்கிறார். கருவின் உறுப்புகள் உருவாவது மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை. அந்த வாரங்களில்தான் அவர் வாய் திறக்காமல் அங்கே நிற்கிறார்.

பணியாளர் கர்ப்பத்தைத் தெரிவித்தபின் எஞ்சிய கர்ப்பக் காலம் முழுவதும் கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரம்பு வைத்திருக்கிறது. அறிவித்த பிறகுதான் அந்தப் பாதுகாப்புத் தொடங்குகிறது. மயக்கவியலில் கசியும் வாயுக்கள், புற்றுநோய்ப் பிரிவில் கலக்கும் மருந்துகள், நெஞ்சக நோய்ப் பிரிவில் காசநோய் என ஒவ்வொரு துறையிலும் இதே கதைதான். அறிவிப்பதற்கு அஞ்ச வேண்டிய சூழலை வைத்துக்கொண்டு, "நீயே திட்டமிட்டுக்கொள்" என்று சொன்னால், அந்தத் திட்டம் இப்படித்தான் இருக்கும்.

சக மாணவர்களின் சுமையைப் பற்றி எதிரணி உருக்கமாகப் பேசியது. அந்தச் சுமை உண்மை. அதை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆறு பேர் பார்க்கும் இரவுப் பணியை ஐந்து பேர் பார்க்கும்போது வரும் களைப்பில் கோபம் வருவது இயல்பு, அது அருகிலிருக்கும் தோழியின் மேல் பாய்வதும் இயல்பு. ஆனால் ஐந்து பேரால் ஒரு துறையை நடத்த முடியாது என்றால் அந்தத் துறை ஆறாவது ஆள் இருந்தபோதே ஆள் பற்றாக்குறையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சி பெற்றபடியே மருத்துவமனையில் பணிபுரியும் உறைவிட மருத்துவர்களுக்காக மத்திய அரசு 1992இல் வெளியிட்ட திட்டத்திலேயே தொடர் பணி பொதுவாக நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கிறது. 24 மணி நேரமும் அதற்கு மேலும் நிற்கும் மாணவர்களை வைத்து வார்டை ஓட்டியவர்கள், ஒருத்தி பிள்ளை பெறும்போது மட்டும் கணக்குப் பார்ப்பது நியாயமில்லை. கர்ப்பம் முன்னறிவிப்போடு வருவது. துறையின் பணிப்பட்டியலோ மாதாமாதம் போடப்படுகிறது. 25 முதல் 30 வயதுக்குள் உள்ள பெண்கள் பலர் படிக்கும் இடத்தில் ஆண்டுக்குச் சிலர் தாயாவார்கள் என்பது எந்தக் கல்லூரிக்கும் தெரிந்த செய்தி. அதற்காக மாற்று உறைவிட மருத்துவர் பணியிடங்களை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது நிர்வாகத்தின் வேலை.

மூன்றாவது, கைத்திறன். அமெரிக்காவில் 2021இல் சிறப்பு மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு, பயிற்சிக் காலத்தில் ஒருமுறையாவது ஆறு வாரப் பெற்றோர் விடுப்பை, படிப்பை நீட்டிக்காமலே தர வேண்டும் என்று விதித்தது. 2022 ஜூலையில் அந்நாட்டின் முதுநிலை அங்கீகார அமைப்பு அந்த ஆறு வாரத்துக்கும் முழு ஊதியம் தர வேண்டும், சேர்ந்த முதல் நாளிலிருந்தே அந்த உரிமை உண்டு என்றது. ஆறு வாரம் போதாது என்பது என் கருத்து. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று பிரசவ வார்டில் சொல்லும் மருத்துவருக்கும் அதே ஆறு மாதம் வேண்டும். ஆனாலும் நாட்களை எண்ணுவதை விட்டுத் திறனை அளக்கலாம் என்று அங்கே ஏற்றுக்கொண்டார்கள். செய்த அறுவைகளைப் பதிவு செய்யும் நம் மாணவியின் லாக்புக்கில் தேவையானவை இருந்தால் அவரைத் தேர்வெழுத விடலாம்; இல்லாவிட்டால் குறைந்ததை மட்டும் நிறைவு செய்யச் சொல்லலாம்.

நீதிமன்றங்கள் இந்தத் திசையில்தான் நடந்திருக்கின்றன. டெல்லியில் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு மூத்த உறைவிட மருத்துவருக்கு ஒப்பந்தம் முடியும் நாள்வரை 11 நாட்களுக்குத்தான் மகப்பேறு பயன் என்று சொல்லப்பட்டபோது, ஒப்பந்தக் காலத்தைத் தாண்டியும் அந்தப் பயன் தொடரும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மாநிலத்தில், முதுநிலை முடித்து ஒப்பந்தப் பணியில் இருந்த பெண் மருத்துவர் எடுத்த 12 மாத மகப்பேறு விடுப்பை அந்த ஒப்பந்தக் காலத்திலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. படித்து முடித்தவருக்குக் கிடைத்த அந்த நியாயம் படித்துக்கொண்டிருப்பவருக்கும் வேண்டும்.

1875இல் மதராஸ் மருத்துவக் கல்லூரி முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட நான்கு பெண்களில் மேரி ஷார்லீப் அப்போதே பிள்ளைகளைப் பெற்ற தாய். தாய்மார்கள் இங்கே மருத்துவம் படிக்கத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. எனவே நடுவர் அவர்களே, திட்டமிடும் பொறுப்பு துறைக்கே உரியது என்று தீர்ப்பு வழங்கும்போது மூன்றையும் அதில் சேர்த்துச் சொல்லுங்கள்: கர்ப்பத்தைச் சொன்ன நாளிலேயே கதிர்வீச்சுப் பணியும் இரவுப் பணியும் மாற வேண்டும், விடுப்பில் போகிறவரின் இடத்துக்கு ஆள் வர வேண்டும், திரும்பி வருகிறவருக்குப் பால் எடுத்து வைக்கக் கதவுள்ள ஓர் அறையும், தன் பேட்சோடு தேர்வெழுத வழியும் இருக்க வேண்டும். நன்றி, வணக்கம்.