மறுபடியும் கெக்கோ

நேயர்களுக்கு வணக்கம்.

1987 அக்டோபர் 19ஆம் நாள் நியூயார்க் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீட்டெண் ஒரே நாளில் 22 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள், டிசம்பர் மாதத்தில், ஆலிவர் ஸ்டோன் இயக்கிய ‘வால் ஸ்ட்ரீட்’ திரைக்கு வந்தது. பங்குத் தரகர் ஒருவருக்கு மகனாகப் பிறந்த ஸ்டோன், அப்படத்தைத் தம் தந்தைக்கே காணிக்கையாக்கியிருந்தார்.

பேராசை நல்லது என்று பங்குதாரர் கூட்டத்தில் முழங்கும் பெருமுதலீட்டாளர் கோர்டன் கெக்கோவைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. மைக்கேல் டக்ளஸுக்கு ஆஸ்கார் விருதையும் அந்த வேடமே பெற்றுத் தந்தது. ஆனால், என்னைப் பொறுத்தவரை அப்படத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. புளூஸ்டார் என்னும் சிறிய விமான நிறுவனத்தில் பழுதுபார்ப்பவராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருக்கும் தந்தை, பழைய விபத்து ஒன்றின் விசாரணையில் நிறுவனத்தின் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பு வரவிருப்பதை மகனிடம் பேச்சுவாக்கில் சொல்கிறார்; இளந்தரகனான மகன் பட் ஃபாக்ஸ், பங்கு விலை ஏறுமுன் வாங்கிவிட உதவும் அந்த ரகசியத்தையே கெக்கோவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவருடைய வட்டத்துக்குள் நுழைகிறான். பின்னர் கெக்கோ அந்த நிறுவனத்தையே உடைத்து விற்கவும், தொழிலாளரின் ஓய்வூதிய நிதியில் கை வைக்கவும் திட்டமிடும்போது, பணத்தாசைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது நமக்கு முகம் முகமாகத் தெரிகிறது. தந்தையாகவும் மகனாகவும் நடித்த மார்ட்டின் ஷீனும் சார்லி ஷீனும் உண்மையிலேயே தந்தையும் மகனும் என்பது அக்காட்சிகளுக்குக் கூடுதல் கனத்தைத் தந்தது.

23 ஆண்டுகள் கழித்து, 2010இல், ஸ்டோனே இதன் இரண்டாம் பாகத்தை எடுத்தார். தொடக்கம் அருமை. பங்குச் சந்தை மோசடிக்காகச் சிறைப்பட்டு, அங்கிருந்து வெளியேறும் கெக்கோவுக்கு அவருடைய பொருள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள்: பட்டுக் கைக்குட்டை, கைக்கடிகாரம், மோதிரம், பணமில்லாத தங்கப் பணக்கிளிப்பு, செங்கல் அளவுள்ள பழைய கைப்பேசி. வாசலில் நிற்கும் நீண்ட சொகுசுக் கார் வேறொருவரை ஏற்றிக்கொண்டு போகிறது. இவரை அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை. அந்தச் சில நிமிடங்களின் கூர்மை படம் முழுதும் நீடிக்கும் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன்.

நீடிக்கவில்லை. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தும், அதில் வீட்டை இழந்தவர்கள் ஏறக்குறைய திரைக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். வங்கித் தலைவர்கள் நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்து பேசுகிறார்கள். விலைகள் ஊதிப் பெருத்து வெடிப்பதைக் குறிக்கும் சோப்புக் குமிழிகள் வானில் மிதக்கின்றன. குமிழி என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா!

இதையும் பொறுத்துக்கொள்ளலாம், முடிவைத்தான் பொறுக்க முடியவில்லை. மகள் பெயரில் சுவிட்சர்லாந்தில் இருந்த 10 கோடி டாலரை ஏமாற்றி எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போகும் கெக்கோ, அதை நூறு கோடிக்கு மேலாகப் பெருக்கியபின் திரும்பி வந்து, எடுத்த தொகையைக் கொடுத்து உறவைப் புதுப்பித்துக்கொள்கிறார். பணத்தால் எதையும் வாங்கலாம் என்ற அவருடைய கொள்கையை மறுக்க எழுந்த கதை, மகளின் மன்னிப்பையும் அவர் பணத்தால் வாங்கிக்கொள்ள இடம் கொடுத்துவிட்டது. திருடிய முதலை மட்டும் கட்டிவிட்டு லாபத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்பவரை எந்த ஊரில் திருந்தியவர் என்பார்கள்?

நடுவில் ஒரு விருந்துக் காட்சி வருகிறது. இருபுறமும் இரு பெண்களுடன் சிரித்துக்கொண்டு வரும் பட் ஃபாக்ஸ், புளூஸ்டாரை நடத்திப் பின் விற்றுவிட்டதாகக் கெக்கோவிடம் போகிறபோக்கில் சொல்கிறான். தந்தை காப்பாற்றப் போராடிய நிறுவனம் அது. அதன் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கெக்கோவும் கேட்கவில்லை, ஸ்டோனும் கேட்கவில்லை.

வணக்கம்.