பலிக்காத சோதனைக்கும் ஒரு பதிவேடு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முதல்வர் அவர்களே, துறைத்தலைவர்களே, என்னைப் பற்றி இல்லாததையும் சேர்த்துச் சொல்லி வரவேற்ற நண்பர் அவர்களே, பெயர் விட்டுப்போன பெரியோர்களே, பின்வரிசையை முதலிலேயே பிடித்துக்கொண்ட ஆய்வு மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். விழாக்குழுவுக்கும், என் பெயரை அவர்களிடம் சொன்ன முதல்வர் அவர்களுக்கும் தனித்தனியாக நன்றி சொல்லாமல் நகர முடியாது. சொல்லிவிட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் எப்படி வேலை செய்வது, செய்ததை எப்படி எடுத்துச் சொல்வது, எப்படி முன்னேறுவது என்று மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். முதலாவது சுருக்கம்தான். அன்றன்று செய்ததை அன்றன்றே தேதி போட்டுப் பேனாவால் எழுதுங்கள். தப்பானதை ஒற்றைக் கோடாக அடியுங்கள்; அடித்தது படிக்கும்படி இருக்கட்டும். எழுதிப் பூட்டி வைத்தால்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இதை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன்.

ஒரு கதை. 1964. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடம். பென்சியாஸ், வில்சன் என்று இருவர், அவர்களிடம் ராட்சதக் கொம்பு மாதிரி ஓர் ஆன்டெனா. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓர் இரைச்சல். பகலானாலும் இரவானாலும் அதே இரைச்சல். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு புறா ஜோடி குடித்தனம் நடத்துகிறது! சுற்றிலும் வெள்ளை எச்சம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வெள்ளை மின்காப்புப் பொருள்'. விஞ்ஞானி அல்லவா, எச்சம் என்று எழுதுவாரா? சரி, புறாக்களைப் பிடித்துத் தொலைதூரத்துக்கு அனுப்பினார்கள். அவையோ வீடு திரும்பும் ஜாதி; வந்துவிட்டன! எச்சத்தையும் சுரண்டிக் கழுவியாயிற்று. இரைச்சல் போகவில்லை. அப்புறம் பென்சியாஸ் இந்தத் தலைவலியைத் தொலைபேசியில் பர்க் என்ற வானியலாளரிடம் புலம்பினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டிக்கி என்ற இயற்பியலாளரின் குழு தேடிக்கொண்டிருப்பதே இதைத்தானே என்றார் அவர். அந்த இரைச்சல், பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்பின் மிச்ச வெப்பம்! 1978 இல் நோபல் பரிசு.

எனக்கு உறுத்துவது வேறு. அப்படியொரு வெப்பம் மிஞ்சியிருக்கும் என்று ஆல்ஃபர், ஹெர்மன் என்ற இயற்பியலாளர்கள் 1948 இலேயே கணக்குப் போட்டிருந்தார்கள். 1961 இல் அதே பெல் கூடத்தின் ஓம் என்பவர் ஆன்டெனா இரைச்சலை வெப்பநிலையாக அளந்தபோதும், கணக்குக்கு மேல் சுமார் மூன்று டிகிரி கூடுதலாக நின்றது. அச்சிலும் வந்தது. யாரும் முடிச்சுப் போடவில்லை. ஏட்டுச் சுரைக்காய்!

அதனால்தான் ஊர் ஊராகக் கேட்கிறேன்: பலிக்காத சோதனைக்கும், கணக்கில் இடிக்கும் எண்ணுக்கும் துறைதோறும் ஒரு பொதுப் பதிவேடு வையுங்கள். யார் வேண்டுமானாலும் புரட்டட்டும். ஒளியைச் சுமந்து செல்வதாக நம்பப்பட்ட 'ஈதர்' என்ற ஊடகத்தைத் தேடிய மைக்கல்சனும் மோர்லியும் 1887 இல் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்றுதான் எழுதினார்கள். இன்றும் பாடமாக இருக்கிறது. 2013 முதல் சில ஆய்விதழ்கள், முடிவு வரும் முன்பே சோதனைத் திட்டத்தைப் பார்த்துக் கட்டுரையை ஏற்கின்றன. நல்ல காரியம். ஆனால் பதவி உயர்வுக் குழு இதற்கு மதிப்பெண் தராவிட்டால் எந்த மாணவன் மெனக்கெடுவான்? துறைத்தலைவர் அவர்கள் தலையாட்டுகிறார், குறித்துக்கொண்டேன்.

முன்னேறுவது பற்றி... தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதைக் கேள்வி நேரத்தில் வைத்துக்கொள்வோம். பதிவேட்டுத் தீர்மானம் வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்து முதல்வர் அவர்களுடையதாக இருக்கட்டும்.