பதறாத காரியம் சிதறாது

(கோவையில் காலை ஓட்டக்காரர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பள்ளித் தலைமையாசிரியர் அய்யா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, இரவுப் பணி முடித்த கையோடு நேரே இங்கே வந்திருக்கும் இயன்முறை மருத்துவர் அவர்களே, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்களே, ஓட்டம் முடித்து வியர்வை காயாமல் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் என் காலை வணக்கம்.

இந்த அரங்கைத் தந்ததற்காகத் தலைமையாசிரியர் அய்யாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அரங்கத்துக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தைப் பற்றியும் அவரிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதைப் பிறகு வைக்கிறேன். மாமன்ற உறுப்பினர் அம்மா அதுவரை இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு செய்திகள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஆர்வம் குறையாமல் ஓடுவது, காயம் படாமல் ஓடுவது, வெயிலைச் சமாளிப்பது, எந்த ஷூ வாங்குவது. நான்குக்கும் பொதுவாக நம் பெரியவர்கள் ஒரு வரி வைத்திருக்கிறார்கள்: பதறாத காரியம் சிதறாது.

டிசம்பரில் கோவை மாரத்தான், ஜனவரியில் சென்னை மாரத்தான். அக்டோபரில் பதிவு செய்துவிட்டு நவம்பரில் ஓட ஆரம்பிக்கிறவர்கள் நம்மில் உண்டு. மூன்றாவது வாரத்தில் மூச்சு வாங்குவது நின்றுவிடும். 'ஆகா, உடம்பு பழகிவிட்டது' என்று 3 கிலோமீட்டரை ஒரே தாவலில் 8 ஆக்குவார்கள். பழகியது இதயமும் நுரையீரலும்தான். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் நேரம் வேண்டும். புதிய சுமை விழுந்தால் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். கரைத்ததற்கும் கட்டி முடிப்பதற்கும் இடைப்பட்ட வாரங்களில் அது முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். நாம் தூரத்தைக் கூட்டுவது சரியாக அந்த வாரங்களில்தான். கீறல் அங்கேதான் விழுகிறது.

புதியவர்கள் வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாருங்கள். ஐந்து நிமிடம் வேகநடை. பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இப்படிப் பத்து முறை. இரண்டு வாரம் கழித்து ஓட்டம் 2 நிமிடம், நடை 1 நிமிடம். அவசரப்படாமல் கூட்டிக்கொண்டே போனால் பத்து வாரத்துக்குள் பெரும்பாலோர் 30 நிமிடம் நிற்காமல் ஓடிவிடலாம். நான்கு வாரத்துக்கு ஒரு முறை, தூரத்தில் கால் பங்கைக் குறைத்து ஒரு வாரம் ஓடுங்கள். ஏற்கெனவே ஓடுகிறவர்கள், கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டம் எவ்வளவு என்று பார்த்து, எந்த ஒரு நாளும் அதைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகாதீர்கள். 10 கிலோமீட்டர் ஓடியிருந்தால் அடுத்தது 11. நண்பர் 15 ஓடுகிறார் என்று கூடவே போகக் கூடாது.

வேகம் சரியா என்று பார்க்கக் கைக்கடிகாரம் தேவையில்லை. ஓடிக்கொண்டே ஒரு குறளை, இரண்டடியும் திணறாமல் சொல்லிப் பாருங்கள். முதலடியிலேயே மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். உங்கள் வாராந்திர ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்தக் குறள் வேகத்தில்தான் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜிம் பீட்டர்ஸ். இங்கிலாந்துக்காரர், கண்ணாடிக் கடைத் தொழில், வேலை நேரம் போக மீதி நேரத்தில் ஓடியவர். 1952-ல் ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸ் வந்தபோது மாரத்தானில் உலகின் மிகச் சிறந்த நேரம் அவருடையது. அதே போட்டியில் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக் நிற்கிறார். 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் அந்த வாரமே தங்கம் வென்றவர், ஆனால் மாரத்தான் ஓடுவது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. பீட்டர்ஸ் பாய்ந்து முன்னே போகிறார். சாட்டோபெக் அவரைப் பிடித்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டே பணிவாக, 'இந்த வேகம் சரிதானா?' என்று கேட்டாராம். பீட்டர்ஸ், 'இது மெதுவான வேகம்' என்று சொன்னாராம். சரி என்று சாட்டோபெக் முன்னே போய்விட்டார்! தொடக்கத்திலேயே அதிகம் செலவழித்துவிட்ட பீட்டர்ஸுக்குக் கால் இழுத்துக்கொண்டது. பாதியில் விலகினார். சாட்டோபெக் 2 மணி 23 நிமிடத்தில் முடித்து மூன்றாவது தங்கத்தையும் எடுத்துக்கொண்டார்.

கதை அங்கே முடியவில்லை. அடுத்த ஆண்டு பீட்டர்ஸ் 2 மணி 20 நிமிடத்துக்குள் மாரத்தான் முடித்த முதல் மனிதர் ஆகிறார். 1954 ஆகஸ்ட் 7, கனடாவின் வான்கூவர், காமன்வெல்த் போட்டியின் அந்நாளைய வடிவம். நல்ல வெயில். அந்த வெயிலிலும் பீட்டர்ஸ் தன் வேகத்தைக் குறைக்கவில்லை. விளையாட்டரங்குக்குள் அவர் நுழைந்தபோது இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவர் 17 நிமிடம் பின்னால் இருந்தார். கேளுங்கள், 17 நிமிடம்! நடந்திருந்தாலே தங்கம். ஆனால் அவரால் நடக்க முடியவில்லை. விழுகிறார், எழுகிறார், பக்கவாட்டில் தள்ளாடுகிறார், மறுபடி விழுகிறார். கூட்டம் முதலில் ஆரவாரம் செய்தது, பிறகு அழுதது, பிறகு யாராவது நிறுத்துங்கள் என்று கத்தியது. சுமார் 200 மீட்டரைக் கடக்க அவருக்கு 11 நிமிடம் ஆனது. ஒரு கோட்டைத் தாண்டியதும் அணியின் உதவியாளர் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அது மற்ற ஓட்டங்களுக்கான முடிவுக் கோடு. மாரத்தானின் கோடு அரங்கின் இன்னொரு பக்கத்தில் இருந்தது. ஸ்காட்லாந்தின் ஜோ மெக்கீ தங்கம் வென்றார். பீட்டர்ஸ் உயிர் பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு ஒரு போட்டியிலும் ஓடவில்லை. அவ்வளவு பெரிய வீரருக்கே அந்த நிலை என்றால், மார்ச் மாதத்து கோவையில் ஏழரை மணிக்குக் கிளம்பி 18 கிலோமீட்டர் ஓடும் நாம் எம்மாத்திரம்? பதறாத காரியம் சிதறாது.

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். அந்த நாட்களில் தூரமும் வேகமும் குறைவாக இருக்கட்டும். தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துகொண்டு லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அதுவும் ஆளைச் சாய்க்கும். கூட ஓடுகிறவர் குழறினால், தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால் உடனே நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறுங்கள். 108-ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

இனி வலி. எந்த வலியோடு ஓடலாம், எதோடு கூடாது என்பதில்தான் நம் ஆட்கள் தவறுகிறார்கள். பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போடுங்கள். மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் தணிந்துவிட்டால் ஓடலாம். அதற்கு மேலே ஏறினாலும், நடை மாறி நொண்டினாலும் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். முன்னங்கால் எலும்பின் உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது சுமை கூடியதன் அறிகுறி, குறைத்தால் போய்விடும். ஒரே விரல் வைக்கிற இடத்தில் குத்துகிறது, ஒற்றைக்காலில் குதித்தால் உயிர் போகிறது, இரவிலும் வலிக்கிறது என்றால் எலும்புக் கீறலாக இருக்கலாம். ஓடாமல் நேரே மருத்துவரிடம் போங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் நான்கு அடி குதிகாலைக் கொல்கிறது என்றால் பாதத்தின் அடித்தசைநார். மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சிப்பியைச் சுற்றி வலித்தால் பெரும்பாலும் தொடையும் இடுப்பும் பலவீனம். வலிமாத்திரை போட்டுக்கொண்டு போட்டிக்குப் போகாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால் சொல்வதும் நமக்குக் கேட்காது.

தடுப்பதற்கு வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம் போதும். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணும்வரை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் நீட்டி 15, லேசாக மடக்கி 15, இப்படி மூன்று சுற்று. பஸ்கி 12 வீதம் மூன்று சுற்று. மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, இடுப்பை மேலே தூக்குவது 15. எளிதானால் ஒற்றைக்காலில் செய்யுங்கள். ஓடும்போது அடியை நீட்டி வைக்காமல், கொஞ்சம் சிறிய அடியாக, நிமிடத்துக்கு ஐந்து விழுக்காடு கூடுதலாக வைத்தாலே முழங்காலுக்குப் பாரம் குறையும்.

ஷூவுக்கு ஒரே வரி: மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும், கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும், 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள்.

ஆர்வத்துக்கு வருகிறேன். தினமும் எழும்போது 'இன்று ஓடலாமா' என்று மனத்தைக் கேட்டால் மனம் வேண்டாம் என்றுதான் சொல்லும். கேட்காதீர்கள். நாளையும் நேரத்தையும் முந்தைய ஞாயிறே நிச்சயித்துவிடுங்கள். பத்து நிமிடம் ஓடிவிட்டுப் பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்று உங்களுக்கே அனுமதி கொடுங்கள், திரும்புகிறவர்கள் குறைவு. இரண்டு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து பிடிக்க முயலாமல் பாதித் தூரத்தில் தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொருவர் நமக்காகக் காத்திருக்கிறார் என்ற எண்ணமே ஆளைப் படுக்கையிலிருந்து எழுப்பும். அவர் எங்கே காத்திருப்பார்? தெருவிலா?

இதற்குத்தான் வந்தேன். பெரியவர் பௌஜா சிங்கை எல்லோருக்கும் தெரியும். 89 வயதில் லண்டன் மாரத்தானில் தொடங்கி, நூறு வயதைத் தாண்டியும் ஓடியவர். 2025 ஜூலையில் ஜலந்தருக்குப் பக்கத்தில், தன் சொந்த ஊர்ச் சாலையைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்தார். அத்தனை மாரத்தான்களும் ஒன்றும் செய்யாத உடம்பை ஒரு சாலை கொண்டுபோய்விட்டது.

நாமும் அந்த மாதிரிச் சாலையில்தான் ஓடுகிறோம். மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். அந்தச் சரிவிலேயே தினமும் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் விழுந்து, இடுப்பும் முழங்காலும் கோணலாகச் சுமக்கும். வண்டியை எதிர்நோக்கி வலப்பக்கம் ஓடுங்கள் என்று நாம் சொல்கிறோம். விடியுமுன் அந்த ஓரத்தில்தான் நாயும் மூடாத பள்ளமும். எல்லோரும் ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குப் போய்விட முடியுமா? சிங்காநல்லூரிலும் துடியலூரிலும் இருக்கிறவர்கள், நடக்கக்கூட அஞ்சும் பெண்கள், நீரிழிவுக்காக மருத்துவர் ஓடச் சொன்ன அக்காமார்கள் எங்கே போவார்கள்?

நம் அரசுப் பள்ளிகளின் மண் மைதானங்கள் காலை ஐந்து மணிக்குப் பூட்டிக் கிடக்கின்றன. சுற்றி வந்தால் 200 மீட்டர் இருந்தாலே போதும். இருபது சுற்று 4 கிலோமீட்டர். பாதியில் திசையை மாற்றிக்கொண்டால் இரண்டு காலுக்கும் ஒரே பாரம். வலித்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடலாம். மெதுவாக ஓடுகிறவரும் வேகமாக ஓடுகிறவரும் பிரியாமல் ஒரே வட்டத்தில் இருக்கலாம்.

தலைமையாசிரியர் அய்யாவின் கவலை நியாயமானது: பொருள் காணாமல் போனால் யார் பொறுப்பு? காலை 5 முதல் 6.45 வரை மட்டும் திறப்போம். வருகிறவர் பெயர் பதிவேட்டில் இருக்கும், சாவிக்கு நம் குழுவில் இருவர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்போம், வகுப்பறைப் பக்கம் யாரும் போகாமல் கயிறு கட்டுவோம், போகும்போது ஒரு குப்பையும் விடமாட்டோம். மாமன்ற உறுப்பினர் அம்மாவிடம் கேட்பது இரண்டு விளக்கு, ஒரு கழிப்பறைக்குத் தண்ணீர். ஓடுதளம் போடுகிறோம் என்று மண்ணின் மேல் கான்கிரீட் கல் மட்டும் பதித்துவிட வேண்டாம். பள்ளத்தில் செம்மண் கொட்டி ரோலர் உருட்டினால் போதும். முதலில் இந்த ஒரு பள்ளியில் மூன்று மாதம் நடத்திப் பார்ப்போம். பதறாத காரியம் சிதறாது.

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. பெயர், வார்டு எண், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். மாமன்ற உறுப்பினர் அம்மா கிளம்புமுன் அவர் கையில் கொடுக்க வேண்டும். வணக்கம்.