முதுகு காட்டி வாசிக்கும் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

அயர்லாந்துக் கோடையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நாம் வெயில் என்று சொல்வது அங்கே கிடையாது. 20 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஐஸ்கிரீம் கடையில் வரிசை நிற்கும், அவ்வளவுதான். ஆனால் வெளிச்சம் உண்டு. ஜூலைத் தொடக்கத்தில் மேற்குக் கரையோரம் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். சாப்பிட்டு முடித்தும் பகல் மிச்சம் இருக்கும். அந்த மிச்சப் பகலை என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

நான் லிமெரிக்கில் வேலை பார்த்த நாட்களில் மூன்று ஜூலை மாதம் கிளேர் மாவட்டத்தின் மில்டவுன் மால்பேக்குப் போயிருக்கிறேன். ஏறத்தாழ ஆயிரம் பேர் வசிக்கும் ஊர். ஒரு முக்கியத் தெரு, கொஞ்ச தூரத்தில் கடல். ஜூலை முதல் சனிக்கிழமை வந்தால் அந்தத் தெருவில் நடக்க இடம் இருக்காது. ஃபிடில் பெட்டியும் புல்லாங்குழலும் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவார்கள்.

காரணம் ஒரு தச்சர். வில்லி கிளான்சி என்று பெயர். தொழில் தச்சு, உயிர் குழல். அந்தக் குழலுக்கு இல்லன் பைப் என்று பெயர். ஐரிஷ் மொழியில் இல்லன் என்றால் முழங்கை. ஸ்காட்லாந்துக்காரர்கள் வாயால் ஊதுகிறார்களே, அந்த மாதிரி இல்லை. ஒரு கை இடுக்கில் சின்னத் துருத்தி, மறு கை இடுக்கில் காற்றுப் பை. பெரும்பாலும் உட்கார்ந்துதான் வாசிப்பார்கள். கூடவே விடாமல் ஒலிக்கும் சுருதிக் குழல்கள், நம் நாதஸ்வரத்துக்கு ஒத்து பிடிப்பது போல. கிளான்சி 1973 ஜனவரியில் 54 வயதில் இறந்துபோனார். அதே ஆண்டுக் கோடையில் நண்பர்கள் அவர் பெயரில் ஒரு கோடைப் பள்ளி தொடங்கினார்கள். இன்றும் நடக்கிறது. காலையில் வகுப்பு; பள்ளிக்கூடம் போதாமல் ஊர்க்காரர்களின் வீட்டுக் கூடத்திலும் நடக்கும். மாலையில் நடனம். அதைக் கேலி என்பார்கள். நம் ஊர்க் கேலி இல்லை, ஆனால் என்னைப் போல நாலு ஜோடி ஆட்டத்தில் தப்பான பக்கம் திரும்பினால் இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் பப். முதல் நாள் உள்ளே போனவுடன் நான் மேடையைத் தேடினேன். இல்லை. ஒரு மூலையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்து வாசிக்கிறார்கள். நமக்குத் தெரிவது முதுகுதான். ஒலிபெருக்கி கிடையாது, அறிவிப்பு கிடையாது. ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை சுற்றுவார்கள், ஒருவர் கண்ணைக் காட்டுவார், நிறுத்தாமல் அடுத்த மெட்டு. நம் சபாக்களில் பாடகர் ரசிகர் முகத்தைப் பார்த்துப் பாடிப் பழகிய எனக்கு இது கொஞ்சம் மரியாதைக் குறைவாகவே பட்டது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: இவர்கள் நமக்காக வாசிக்கவே இல்லை. நாம் இருப்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, அவ்வளவே.

உற்சாகத்தில் நான் மேஜையில் தாளம் போட்டேன். பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு இருந்த ஒரு பாட்டி, ஒன்றும் சொல்லாமல் என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். நிறுத்திக்கொண்டேன். ஆட்டுத்தோல் போர்த்திய பௌரான் என்ற பறையைக்கூட அங்கே கேட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது.

இதெல்லாம் ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்தேன். அப்படியும் இல்லை. முன்பெல்லாம் ஆட்டமும் பாட்டும் வீட்டு அடுக்களையிலும் நாற்சந்தியிலும் நடந்தன. பாதிரியார்களுக்கு அது பிடிக்கவில்லை. 1935இல் நடனக் கூடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அதைச் சாக்காக வைத்து வீட்டு நடனங்களையும் விரட்டினார்கள். பிறகு பிழைப்புக்காக லண்டன் போன ஐரிஷ் தொழிலாளர்கள், தங்கியிருந்த அறையில் கூடி வாசிக்க இடம் இல்லாமல் பப்பில் உட்கார்ந்தார்கள். கிளான்சியும் 1950களில் அங்கே தச்சு வேலைக்குப் போய்த் திரும்பியவர்தான். அடுக்களையை இழந்தவர்கள் பப்பின் ஒரு மூலையை அடுக்களை ஆக்கிக்கொண்டார்கள். அடுக்களையில் மேடை ஏது?

குழந்தைகளும் அங்கேயே இருப்பார்கள். பெற்றோருடன் வரும் பிள்ளைகள் ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்பது சட்டம். மே முதல் செப்டம்பர் வரை மட்டும் பத்து மணி. சட்டத்துக்கும் அங்கே கோடை விடுமுறை உண்டு போலிருக்கிறது!

2024இல் பள்ளி தொடங்கிய ஜூலை 6 அன்றே கிளேர் அணிக்குக் கில்கென்னியோடு ஹர்லிங் அரையிறுதி. ஹர்லிங் என்பது மட்டையும் பந்தும் கொண்டு ஓடி ஆடும் பழைய விளையாட்டு. அங்கே மாவட்டப் பாசம் முழுவதும் அதில்தான். கிளேர் ஜெயித்தது. அன்றிரவு பப்பில் முதுகுகளைக்கூடப் பார்க்க முடியவில்லை, அப்படி நெரிசல்.

நடுராத்திரிவாக்கில் யாரோ ஒருவர் பாட ஆரம்பித்தால் மொத்தக் கூட்டமும் அடங்கிவிடும். பாடி முடித்தவருக்கு ஓர் உரிமை உண்டு: அடுத்து யார் என்று அவர்தான் கைகாட்டுவார். மறுக்கலாம், ஆனால் கவிதையோ கதையோ ஏதாவது சொல்லியாக வேண்டும். கடைசி வருடம் ஒருவர் என்னைக் காட்டிவிட்டார். வெளியூர்க்காரன் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. என் அம்மா பாடிய தாலாட்டில் நினைவிருந்த நாலு வரியைப் பாடினேன். அந்தப் பாட்டி அன்றும் பக்கத்தில்தான் இருந்தார். பாட்டு முடியும்வரை என் கையைப் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார். பாடுகிறவருக்கு அங்கே பழைய ஆட்கள் அப்படிச் செய்வதுண்டு.

சரி, இப்போது உரிமை என் கையில். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் பாட்டியைக் காட்டினேன்.