தடித்த தெர்மல் போட்டும் குளிர்வது ஏன்?

இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “பனிக்காலத்தில் மான் வேட்டைக்குப் போய்ப் பரணில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்திலேயே நடுக்கம் வந்துவிடுகிறது. கிடைப்பதிலேயே தடித்த தெர்மல்தான் போட்டிருக்கிறேன். இதைவிடத் தடித்தது எது? கால் விரல்களும் மரத்துப்போகின்றன.”

அவர் கேட்பது தெர்மலைப் பற்றி, அதாவது குளிருக்காக உடம்பை ஒட்டி உள்ளே போடும் துணியைப் பற்றி. ஆனால் பரண் வரைக்கும் அவர் எப்படி நடந்து போனார் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை.

தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். மறுபடியும் சொல்கிறேன்: உடம்பை ஒட்டிய துணியின் முதல் வேலை தோலை ஈரமில்லாமல் வைத்திருப்பது. சூட்டைக் காப்பது, மேலே போடும் அடுக்குகளில் அடைபட்டிருக்கும் காற்று. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு எளிதாகச் சூட்டைக் கடத்தும். இழைகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தில் வியர்வை புகுந்துவிட்டால், தடித்த துணியும் காப்பாற்றாது. போதாததற்கு, அந்த வியர்வை உலர்வதற்கான சூடும் உங்கள் உடம்பிலிருந்துதான் போக வேண்டும்.

மலையேறுபவர் நடந்துகொண்டே இருப்பார். உடம்பு சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வேட்டைக்காரர் அப்படியில்லை. இருட்டில் சுமையோடு மேடு ஏறிவிட்டு, பிறகு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். என் நண்பர் ஒருவர் வீட்டிலேயே எல்லா அடுக்குகளையும் போட்டுக்கொண்டு கிளம்புவார். வலுவான மனிதர், வேகமாக நடப்பார். பரணில் ஏறும்போது கழுத்துப்பட்டியிலிருந்து ஆவி பறக்கும். நன்றாக விடிவதற்குள் இறங்கிவிடுவார். அவர் தெர்மலில் ஒரு குறையும் இல்லை; நடக்கும்போதே அதை நனைத்துவிடுகிறார், அவ்வளவுதான்.

சரி, எந்தத் துணி? பருத்தி கூடவே கூடாது. நல்ல தெர்மல் வாங்கிவிட்டு அதற்குள்ளே வழக்கமான பருத்தி பனியனைப் போடுபவர்கள் ஏராளம். தோலைத் தொடுவது அந்தப் பனியன்தான். அது வியர்வையைக் குடித்துவிட்டு உலராமல் கிடக்கும்.

மெரினோ கம்பளி, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. நாற்றம் சேர்வதும் குறைவு. அசையும்போது சரசரக்காது, மானின் காதுக்கு அது முக்கியம். பாலியெஸ்டர் தண்ணீரை இழைக்குள் வாங்குவதே இல்லை என்று சொல்லலாம்; வியர்வையை வெளிப்பக்கம் பரப்பி விரைவில் உலர்ந்துவிடும். நாள் முழுக்க நடந்து வேட்டையாடுபவருக்கு அதுவே நல்லது. ஆனால் சீக்கிரம் நாறும். உட்கார்ந்து காத்திருப்பவருக்கு என் தேர்வு மெரினோ.

தடிமனை ஜி.எஸ்.எம். என்று குறித்திருப்பார்கள், ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதே அது. நடப்பதற்கு 150 ஜி.எஸ்.எம். அளவிலான மெல்லியது போதும். 250க்கு மேற்பட்டவை உட்கார்வதற்கு. அளவு உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. தொளதொளவென்று தொங்கினால் வியர்வையை எடுக்காது.

ஆகவே நேயரே, உங்கள் தடித்த தெர்மலை மாற்ற வேண்டாம். பையில் வைத்துக்கொண்டு போங்கள். மெல்லிய தெர்மலோடு, காற்றடித்தால் மட்டும் மேலே ஒரு மெல்லிய உடையோடு, கிளம்பும்போது லேசாகக் குளிர்கிற நிலையிலேயே நடங்கள். நெற்றி வியர்த்தால் ஜிப்பைத் திறந்துவிடுங்கள், தொப்பியைக் கழற்றுங்கள், நடையைக் குறையுங்கள். முன்கூட்டியே கிளம்பினால் இதற்கெல்லாம் நேரம் இருக்கும். பரணின் அடியில் சற்று நின்று உடம்பு ஆறிய பிறகு, உடம்பை ஒட்டிய, நனைந்த மெல்லிய தெர்மல் சட்டையைக் கழற்றிவிட்டு, உலர்ந்த தடித்ததைப் போடுங்கள். கழற்றும் அந்த நேரம் கடுமையாகத்தான் குளிரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மற்ற அடுக்குகள். மேலே ஏறி உட்கார்ந்த பிறகு மாற்றலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அங்கே அசைவும் அதிகம், விழும் ஆபத்தும் உண்டு.

கால் விரல்களுக்கும் இதே கதைதான். காலும் நடக்கும்போது வியர்க்கிறது. உலர்ந்த காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். இரண்டு காலுறைகளைத் திணித்து பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சீக்கிரம் மரத்துவிடும். கம்பளிக் காலுறை ஒன்று போதும், விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க முடிய வேண்டும்.