வேலை மேசை ஆடுதா? ஒரு நெருப்புப்பெட்டிய எடுங்க!

[திரையில்: நெருப்புப்பெட்டி, பக்கத்துல ஒரு விரல்]

ஒரு நெருப்புப்பெட்டிய எடுங்க. உள்தட்ட உருவி வெளிய வச்சிருங்க. இப்ப வெறும் கூட்ட பக்கவாட்டுல ஒரு விரலால தள்ளுங்க. சாஞ்சு சப்பையாப் படுத்திருச்சா? தட்ட திரும்ப உள்ள சொருகிட்டுத் தள்ளுங்க. அசையாது. அதே அட்டை, அதே விரல்தான்.

வாள ரெண்டு இழுப்பு இழுத்தா உங்க மேசையும் கூடவே வருதுன்னா, நீங்க தட்டு இல்லாத பெட்டியில வேலை செய்றீங்க. ஆடுற மேசைக்கு முக்கால்வாசிப் பேர் பார்க்கிற வைத்தியம், மேல இன்னொரு பலகைய வச்சு அடிக்கிறது. அது நோயைக் கூட்டும். தலை பாரமானா ஆட்டம் அதிகமாகும்தானே?

வணக்கம் மக்களே. இன்னைக்கு 5 அடி நீளம், 2 அடி அகலம், 34 அங்குல உயரத்துல ஒரு வேலை மேசை. கராஜ், வீட்டோட பக்கச் சாய்ப்பு, லயத்து வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பு, எங்க வேணும்னாலும் வைக்கலாம். வேலை மேசை எதுக்குன்னு நான் விளக்கப் போறதில்ல. நிலத்துல குந்தியிருந்து ட்ரில் பிடிச்ச முதுகுக்கு அது நல்லாவே தெரியும்.

முதல்ல ஒரு பொறி. அமெரிக்கக்காரங்க வீடியோவுல "ரெண்டுக்கு நாலு"ன்னு சொல்ற கட்டை உண்மையில ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். பேர்தான் ரெண்டுக்கு நாலு. நம்ம மர மில்லுல அறுத்துத் தர்றது கிட்டத்தட்ட முழு ரெண்டுக்கு நாலு. சீவினா ஒன்றே முக்காலுக்கு மூன்றே முக்கால் நிக்கும். அவங்க அளவை அப்படியே வச்சு வெட்டினா ஒரு மூட்டும் பொருந்தாது. அதனால மரத்தைச் சீவி முடிச்சு, கையில இருக்கிற கட்டைய அளந்துட்டுத்தான் பென்சிலைத் தொடணும். நான் இனி சொல்ற அளவெல்லாம் சீவின மரத்துக்கு.

சரி, என்ன மரம்? நம்ம இலங்கை மலைநாட்டுல சுலபமாக் கிடைக்கிறது நாலு. கால்களுக்கு யூக்கலிப்டஸ், மில்லுல டர்பன்டைன், கிராண்டிஸ்னு சொல்றது. நல்ல பாரம், நல்ல பலம். அல்பீசியா வேணாம், அது கொங்கிறீட் பலகைக்குச் சரி, காலுக்கு ரொம்ப மெது. பைனஸ் சட்டங்களுக்கு ஆகும், ஆனா ஒரு சுத்தியல் அடிக்கே பள்ளம் விழும். நாலாவது என் செல்லம், சவுக்கு. தமிழ்நாட்டு ஆளுங்க இதைக் கேட்டா கடற்கரையில நிக்கிற ஊசி இலை மரத்தை நினைப்பாங்க. நம்ம சவுக்கு வேற. தேயிலை மலையில நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக். சிங்களத்துல சபுக்குன்னு சொல்றதும் இதைத்தான். உளிக்கும் சீவுளிக்கும் நல்லா இசைஞ்சு கொடுக்கும். அறுக்கிறப்ப மட்டும் நீளக் கை சட்டை போடுங்க, அந்தத் தூள் சிலருக்குத் தோல்ல அரிப்பைக் கொடுக்கும்.

இப்ப இந்த வீடியோவோட நடு மண்டைக்கு வாறேன். ஈரம்!

உங்க வீட்டு வாசக் கதவு மழை மாசத்துல இறுகி, தோள் கொடுத்துத் தள்ளினாத்தான் திறக்குதா? அதே கதவு வெயில் காலத்துல பூட்டு மாட்டலன்னா தானாத் திறந்து ஆடுதா? அந்தக் கதவுக்கு நடக்கிறதுதான் மேசைக்கும் நடக்கும். மரம் காத்துல இருக்கிற ஈரத்தை வாங்கும், திருப்பியும் விடும். காத்தோட ஈரப்பதம் 65 சதவீதம்னா மரம் சுமார் 12 சதவீத ஈரத்துல நிக்கும். மூணு வாரம் விடாத மழை, பனிமூட்டம் கராஜுக்குள்ளயே வருது, காத்து 85, 90 சதவீதத்துல நிக்குதுன்னா, மரம் 18, 20 வரைக்கும் ஏறப் பார்க்கும்.

இதுல அழகு என்னன்னா, மரம் நீளவாக்குல அனேகமா அசையாது. அகலவாக்குலதான் ஊதும், சுருங்கும். ஒரு சதவீத ஈர மாற்றத்துக்கு அகலத்துல சுமார் 0.3 சதவீதம்னு வச்சுக்கோங்க. 2 அடி அகலத்துக்கு ஒட்டின பலகை மேசை, நாலு சதவீத மாற்றம். 7 மில்லிமீட்டர்! கிட்டத்தட்ட ஒரு பென்சில் தடிப்பு. அந்தப் பலகைய ரெண்டு ஓரத்துலயும் ஆணியால இறுக்கிப் பூட்டிட்டா அது எங்க போகும்? நடுவுல வெடிக்கும், இல்லன்னா அப்பளம் மாதிரி வளையும். பழியெல்லாம் மேசை செஞ்ச தச்சு பாஸ் தலையில விழும், பாவம்.

அதனாலதான் மேல்தட்டுக்கு நான் பிளைவுட்ட எடுக்கிறேன். அடுக்குக்கு அடுக்கு நார் குறுக்கால ஓடுறதால ஒன்னை ஒன்னு பிடிச்சு வச்சிருக்கும், அசைவு கணக்குல எடுக்கிற அளவுக்கே இருக்காது. ஆனா மலைநாட்டுக்கு உள் அறைப் பிளைவுட் ஆகாது. கொதி நீர் தாங்கும் ரகம், மரைன்னு கேளுங்க. இந்தியப் பலகைன்னா ஐஎஸ் 710 முத்திரை இருக்கணும். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிக்க வச்சுச் சோதிக்கிறாங்க. முத்திரையில நம்பிக்கை இல்லையா? கடையில ஒரு துண்டு கேட்டு வாங்கி, பழைய சட்டியில போட்டு ஒரு பகல் கொதிக்க விடுங்க. பசை விட்டு விசிறி மாதிரி விரிஞ்சா அந்தக் கடைப்பக்கம் போகாதீங்க.

காலும் சட்டமும் கட்டை மரம்தான், அதுக்குத் தப்ப முடியாது. பச்சை யூக்கலிப்டஸ்ல, காஞ்ச மரத்தோட எடைக்குச் சமமா தண்ணியே இருக்கலாம். லொறியில நீங்க பாதி தண்ணிக்குக் கூலி கொடுத்து ஏத்துறீங்க. அது காயுறப்ப நுனி பிளக்கும், முறுகும். நுனி ரெண்டுலயும் மிச்சப் பெயின்ட்டைத் தடவிட்டு, 18 அங்குலத்துக்கு ஒன்னா ஒரு அங்குலக் குச்சி வச்சு, நிலத்துல படாம, கூரைக்குக் கீழ காத்தோடுற இடத்துல அடுக்குங்க. அடுப்புப் பக்கம் வேணாம். வெளித்தோல் சீக்கிரம் காஞ்சு உள்ள வெடிக்கும். அங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷம்னு பழைய கணக்கு. அவ்வளவு பொறுமை இல்லாதவங்க காஞ்ச மரமாக் கேட்டு வாங்குங்க. சொன்னவங்க வாய நம்பாம, இதைச் செய்ங்க.

[திரையில்: சமையல் தராசு, ஒரு சின்ன மரத்துண்டு]

நுனியில இருந்து ஒரு அடி தள்ளி, உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்னு அறுங்க. நிறுங்க. 250 கிராம்னு வைப்போம். ஓவன்ல 103 பாகை செல்சியஸ்ல வச்சு, எடை இனி இறங்காதுங்கிற வரைக்கும் காய வைங்க. இப்ப 205 கிராம். போன தண்ணி 45. அதைக் காஞ்ச எடையால வகுங்க, 45 கீழ் 205, கிட்டத்தட்ட 22 சதவீதம். இன்னும் பொறுங்க, 16, 17க்கு வரட்டும். ஓவன் இல்லாதவங்க ஒரு துண்டை கராஜுலயே வச்சு வாரம் ஒருக்கா நிறுத்துப் பாருங்க. நாலு வாரம் எடை மாறலையா, அந்த இடத்துக்கு மரம் பழகிருச்சு. காசு கொடுத்து ஈரமானி வாங்கத் தேவையில்ல. சீனி நிறுக்கிற தராசு போதும்!

இந்த ஒரு தகவலுக்கே லைக் போடலாம். போட்டாச்சா? வெட்டுக்குப் போவோம்.

வாங்க வேண்டியது, மரம் மட்டும் சீவாத மில்லு அளவுல: நாலுக்கு நாலு 6 அடி ரெண்டு. ரெண்டுக்கு நாலு 10 அடி ரெண்டு, 12 அடி ஒன்னு. 18 மில்லிமீட்டர் பிளைவுட், எட்டுக்கு நாலு ஒரே ஒரு தாள். நாலரை அங்குல நீள, மூணு சூத்திர, அதாவது எட்டில் மூணு அங்குலத் தடிப்பு போல்ட் 16, ஒவ்வொன்னுக்கும் வாஷர் ரெண்டு.

6 அடிக் கட்டையில இருந்து 32½ அங்குலத்துக்கு ரெண்டு ரெண்டா நாலு கால். 10 அடியில இருந்து 54 அங்குல நெடுஞ்சட்டம் ரெண்டு ரெண்டா, மொத்தம் நாலு. 12 அடியில 22 அங்குலக் குறுஞ்சட்டம் நாலும், நடுவுல தாங்குறதுக்கு 18½ அங்குலம் ரெண்டும். பிளைவுட்டை நீளவாக்குல ரெண்டாக் கிழிங்க. ஒவ்வொன்னுலயும் 5 அடி வெட்டினா மேசைத் தட்டுக்கு ரெண்டு அடுக்கு. மிஞ்சின 3 அடித் துண்டு ரெண்டையும் 27 அங்குலமாக்கி, 22 அகலத்துக்குக் குறைச்சு, கால் வர்ற மூலைய வெட்டி எடுத்தா கீழ்த்தட்டு. அதுக்கப்புறமும் 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைஞ்ச ரெண்டு பட்டி மிஞ்சும். அதைத் தூக்கி அடுப்புக்குப் போட்டுறாதீங்க. கதாநாயகனே அதுதான், வாறேன்.

மூட்டு. நெடுஞ்சட்டத்தைக் காலோட மேல சும்மா ஒட்டி போல்ட் போட்டா, பாரம் முழுக்க போல்ட்ல தொங்கும். கொஞ்ச நாள்ல ஓட்டை முட்டை வடிவமாகும். முன் காலுக்கு முன்முகத்துலயும், பின் காலுக்குப் பின்முகத்துலயும் ஒன்றே முக்கால் அங்குல ஆழத்துக்கு வெட்டு எடுத்து, சட்டத்தை அதுக்குள்ள உட்கார வைங்க. மரம் மரத்துல உட்காரணும், போல்ட் பிடிச்சு வச்சா மட்டும் போதும். குறுஞ்சட்டத்துக்கு பக்க முகத்துல, நெடுஞ்சட்டத்துக்கு நேர் கீழ அதே மாதிரி வெட்டு; ஒரே உயரத்துல எடுத்தா ரெண்டும் மூலையில மோதும். கீழ் நெடுஞ்சட்டத்தோட மேல் விளிம்பு நிலத்துல இருந்து 10 அங்குலம். ஒரு மூட்டுக்கு போல்ட் ரெண்டு, ஒன்னுக்கு நேர் கீழ ஒன்னு வேணாம், சாய்வா வைங்க. ஒரே நார்க் கோட்டுல ரெண்டு ஓட்டை விழுந்தா கால் விறகு மாதிரி பிளக்கும். குறுஞ்சட்டத்துக்குப் பசையும் 3 அங்குல ஸ்குரூவும். டர்பன்டைன்ல ஓட்டை போடாம ஸ்குரூ முறுக்கினா தலை அறுந்து கையில வரும். முதல்ல 3½ மில்லிமீட்டர் பிட்டால துளைங்க. நெடுஞ்சட்டத்துக்குப் பசை வேணவே வேணாம். கழட்டினாத்தான் அம்பது படி ஏறி வீட்டுக்குக் கொண்டு போகலாம்.

இப்ப அந்தப் பட்டிகள். ஒவ்வொரு பட்டியிலயும் ரெண்டு சதுரம், ஒவ்வொரு சதுரத்தையும் மூலைக்கு மூலை அறுத்தா ரெண்டு முக்கோணம். மொத்தம் எட்டு. நாலை முதுகுப் பக்கத்து நாலு மூலையிலயும், மிச்சம் நாலை ரெண்டு பக்கத்து மேல் மூலைகள்லயும், காலையும் சட்டத்தையும் சேர்த்து ஸ்குரூ போடுங்க. சட்டத்தை வெட்டுக்குள்ள உட்கார வச்சதால எல்லாம் ஒரே மட்டம், முக்கோணம் தட்டையாப் படியும். நெருப்புப்பெட்டிக்குள்ள தட்டு போயாச்சு! பூட்டுறதுக்கு முந்தி மூலைக்கு மூலை அளந்து பாருங்க. ரெண்டு அளவும் ஒன்னா இருக்கணும். கோணலாப் பூட்டினா கோணல் நிரந்தரமாகிரும்.

மேல்தட்டு ரெண்டு அடுக்கையும் பசை போட்டு, கீழ இருந்து ஒன்றேகால் அங்குல ஸ்குரூவால பிடிங்க. மேல ஒரு தலையும் தெரியக்கூடாது, சீவுளி அலகு பாழாகும். முன் ஓரம் காலோட ஒரே கோட்டுல, பின்னால 2 அங்குலமும் பக்கத்துக்கு 3 அங்குலமும் வெளிய.

நம்ம ஊர்ல மட்டமான நிலம்னு ஒன்னு இருக்கா? கராஜ் தரையே தண்ணி ஓட வாட்டமாத்தான் போட்டிருப்பாங்க. கால் நுனி, தண்ணிய உறிஞ்சுற குழாய்க் கட்டு மாதிரி. நுனியில எபொக்சி தடவி, பிளாஸ்டிக் வெட்டுப்பலகைய அறுத்து அடியில வைங்க. எந்தக் கால் பள்ளத்துல நிக்குதோ அதுக்கு ரெண்டு துண்டு, மூணு துண்டு. மேசன் பாஸ்மார் பிடிக்கிற தண்ணி டியூப்பால மட்டம் பார்க்கலாம். பழைய எஞ்சின் ஒயில் மட்டும் பூசாதீங்க. பசை பிடிக்காது, தோலுக்கும் கெடுதி, தீ பிடிச்சா சொல்லவே வேணாம்.

வைஸ் பூட்டுறவங்களுக்கு ஒரு வரி: ஒரு காலுக்கு நேர் மேல, போல்ட் அடி வரைக்கும் போகணும், அசையாத தாடை மேசை ஓரத்தைக் கொஞ்சம் தாண்டி நிக்கணும். இல்லன்னா நீளக் குழாயை நட்டுக்குத்தாப் பிடிக்க முடியாது. தாடையோட மேல் விளிம்பு உங்க முழங்கை உயரத்துக்கு வருதான்னு பாருங்க.

கடைசியா ஸ்பேனர். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம்னா பெப்ரவரி, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம்னா ஜூலை. அங்கங்க நல்லா காயுற மாசத்துல 16 நட்டையும் ஒரு தரம் தொட்டுப் பாருங்க. போல்ட் பிடிச்சிருக்கிற மரத்தோட தடிப்பு மூன்றே முக்கால் அங்குலம். ஒரு சதவீதம் சுருங்கினாலே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. மூணு சூத்திர போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 16 புரி, அதனால அரைச் சுத்துக்குக் கொஞ்சம் மேல முறுக்கினா நட்டு திரும்ப வாஷரைப் பிடிச்சிரும். பிடிக்கலன்னா, மரம் இன்னும் காயாமலே பூட்டியிருக்கீங்க.