நம் ஊருக்குக் கொடி எப்படி வந்தது? சாரல் காலத்தில் ஒரு சார்ட்

[திரையில்: தரையில் விரித்த வெள்ளை சார்ட். ஜன்னலுக்கு வெளியே சாரல்.]

வணக்கம். செங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். சுதந்திர தினம் நெருங்கி, ஆகஸ்ட் 10 தாண்டிவிட்டால் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் இதே பேச்சுதான். "அம்மா, நாளைக்கு சார்ட் கொண்டுபோகணும். மிஸ் கையால எழுதச் சொல்லியிருக்காங்க." அதுவும் ராத்திரி எட்டு மணிக்கு!

கையால் என்றால் பிள்ளையின் கையால். நாம் கோடு போட்டுக் கொடுக்கலாம், சார்ட்டைப் பிடித்துக்கொள்ளலாம், எழுத்துப்பிழை பார்க்கலாம். எழுதுவது அவர்கள்தான். எழுத்து கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

உட்கார்ந்ததும் பென்சிலை எடுக்காதீர்கள். முதலில் கதை சொல்லுங்கள். போனில் தேடி நாலு வரியைப் பார்த்து எழுதினால், வகுப்பில் இருக்கிற நாற்பது சார்ட்டும் ஒரே மாதிரி இருக்கும். நம் மண்ணில் கதைக்கா பஞ்சம்?

[திரையில்: மஞ்சள் நிற ரயில் நிலையப் பலகை, பென்சில் ஓவியமாக.]

வாஞ்சிநாதன் எங்கள் ஊரில் பிறந்தவர். மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டார், அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் துப்பாக்கி வரைய வேண்டாம் என்பது என் எண்ணம். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'வாஞ்சி மணியாச்சி' என்று எழுதினால் போதும், பார்த்தவுடன் புரிந்துவிடும்.

நாலாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் போன வருஷம் இன்னொரு கதை சொன்னேன். 1947-ல் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அந்த ஜூன் மாதம் திவான் சி.பி. ராமசாமி ஐயர், திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று அறிவித்துவிட்டார். மக்கள் விடவில்லை, எதிர்ப்பு கிளம்பியது. ஜூலை கடைசியில்தான் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். நாங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தது அதற்கும் பிறகு, 1956 நவம்பர் 1 அன்று.

அவள் கேட்டாள்: "அப்போ இன்னும் ரெண்டு வாரம் தள்ளிப்போயிருந்தா நமக்கு இந்தக் கொடி இல்லையாம்மா?"

அந்தக் கேள்விதான் தலைப்பானது. 'நம் ஊருக்குக் கொடி எப்படி வந்தது?'

[திரையில்: நீளமான காகிதத் துண்டில் தலைப்பு.]

சரி, தலைப்பை எப்படி நடுவில் கொண்டுவருவது? எல்லா வீட்டிலும் சிக்கல் வருவது இங்கேதான். முதல் எழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டு, கடைசியில் இடமில்லாமல் நெருக்குவார்கள். எழுத்தை எண்ணிப் பார்ப்பதும் தமிழில் உதவாது. 'ர' ஒல்லி, 'ணை' மூன்று பங்கு இடம் கேட்கும். அதனால் ஒரு காகிதத் துண்டில் தலைப்பை அதே அளவில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் துண்டை எழுத்தின் தொடக்கமும் முடிவும் ஒன்றன்மேல் ஒன்று வருகிற மாதிரி மடித்தால், மடிப்பு விழும் இடம்தான் தலைப்பின் நடு. அதை சார்ட்டின் நடுக்கோட்டில் வைத்து, எழுத்துகளின் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தென்மலையில் படிக்கும் என் அண்ணன் மகன் மேலே மலையாளம், கீழே தமிழ் என்று எழுதினான். இரண்டுக்கும் தனித்தனித் துண்டு வைத்துக்கொண்டான்.

எல்லாவற்றையும் முதலில் பென்சிலில் எழுதட்டும். என் மகள் 'போராட்டம்' என்பதை 'போரட்டம்' என்று எழுதியிருந்தாள். பென்சில் என்பதால் அழித்துக் காலைச் சேர்த்துவிட்டோம்.

[திரையில்: ஜியாமெட்ரி பாக்ஸ். கொடி வரையும் கை.]

கொடிக்கு அளவு முக்கியம். நீளமும் அகலமும் மூன்றுக்கு இரண்டு. 18 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பட்டையும் சரியாக 4 செ.மீ. வரும். மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. சக்கரத்தின் குறுக்களவு 3.7 செ.மீ. அதாவது காம்பஸை 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகத் திறக்க வேண்டும். வெள்ளைப் பட்டையைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும்.

ஆரங்கள் 24. கண்ணளவில் போட்டால் இருபதிலோ இருபத்தாறிலோ போய் நிற்கும். கோணமானியை மையத்தில் வைத்து 0, 15, 30 என்று 165 வரை புள்ளி வையுங்கள், 12 புள்ளி வரும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மையத்தின் வழியே மறுபக்கம் வரை கோடு இழுத்தால் 24 ஆரம் ஆகிவிடும். நிறம் கருநீலம், கறுப்பு அல்ல.

இன்னொன்று. அழகாக இருக்கும் என்று கொடியின் மேலேயே வாசகம் எழுதுகிறார்கள். கொடியின் மேல் எந்த எழுத்தும் இருக்கக் கூடாது என்று கொடிச் சட்டத்தொகுப்பே சொல்கிறது. வாசகத்துக்கு வெளியே தாராளமாக இடம் இருக்கிறது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை இந்தக் கொடியை ஏற்றுக்கொண்டது என்ற ஒரு வரியைக் கொடிக்குக் கீழே எழுதலாம். திருவிதாங்கூர் சம்மதித்த கதைக்கு அது பொருத்தமாக அமையும்.

[திரையில்: மை பரவிய எழுத்து. பக்கத்தில் கிரயான் பூசிய பட்டை.]

அப்புறம், சாரல். நம் பக்கம் ஆகஸ்டில் காற்றே ஈரமாக இருக்கும். சார்ட் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஸ்கெட்ச் பென் மை ஓரம் ஓரமாகப் பரவி, எழுத்துக்கு மயிர் முளைத்த மாதிரி ஆகிவிடும். வாட்டர் கலர் விடிந்தாலும் காயாது. அதனால் பட்டைகளுக்கு கிரயான் அல்லது கலர் பென்சில் போதும். ஸ்கெட்ச் பென்னை எழுத்துக்கு மட்டும் வையுங்கள். அதையும் முதலில் சார்ட்டின் பின்பக்க மூலையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

முடிந்ததும் கிரயான் ஒட்டாமல் இருக்க மேலே ஒரு செய்தித்தாள் வைத்து, எழுதிய பக்கம் வெளியே தெரிகிற மாதிரி சுருட்டுங்கள். அப்படிச் சுருட்டினால்தான் சுவரில் மாட்டும்போது ஓரங்கள் முன்னால் சுருளாது. மேலே பிளாஸ்டிக் கவர், இரண்டு ரப்பர் பேண்ட். சுருட்டுவதற்கு முன்னால், பின்பக்கம் பெயரும் வகுப்பும் பிரிவும் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள். அதையும் பிள்ளையே எழுதட்டும்.